தோட்டத்துக் காடியும் பெல்ட் அலாரமும்: பாலிக் புலாவ் நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

டுரியான் விழத் தொடங்கிவிட்டது. இனி சீசன் முடியும்வரை பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் மலைத் தோட்டங்களில் பிக்கப் காடிகளுக்கு ஓய்வில்லை. மரத்தடியில் நிறுத்தி, இறங்கிப் பழம் பொறுக்கி, ஏறி, முப்பது மீட்டர் தள்ளி மறுபடி நிறுத்துகிற வேலை இது. ஒவ்வொரு முறையும் பெல்ட் அலாரம் கத்தினால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். ஒயரை வெட்டிவிடு என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. வெட்டுவதற்கு முன் அது எதைப் பார்த்துக் கத்துகிறது என்று கண்டுபிடிப்பது நல்லது. பாதி நேரம் வெட்ட வேண்டிய அவசியமே வராது.

பெல்ட் நினைவூட்டிக்கு அடிப்படை ஐ.நா. வாகன விதி எண் 16. அதில் இரண்டு கட்டம். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் சிவப்பு விளக்கு மட்டும் எரிவது முதல் கட்டம். சத்தம் வருவது இரண்டாம் கட்டம். அதைத் தொடங்கி வைக்க வேகம், தூரம், நேரம் என்ற மூன்றில் ஒன்றையோ பலவற்றையோ தயாரிப்பாளர் வைத்துக்கொள்ளலாம். வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, தூரம் 500 மீட்டரை, நேரம் 60 வினாடியை. சத்தம் குறைந்தது 30 வினாடி ஒலிக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் நட்சத்திர மதிப்பெண் வாங்குவதற்காக அதைவிட நீளமாக ஒலிக்கவிடும் காடிகளே அதிகம்.

உங்கள் காடி எந்த வகை என்பதைச் சமதரையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பார்த்துவிடலாம். பெல்ட் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு நின்ற இடத்திலேயே ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருங்கள். கத்தினால் அது நேரக் கணக்கு. கத்தாவிட்டால் முதல் கியரில் மணிக்கு 8 கிலோமீட்டர் அளவில் ஊர்ந்து போங்கள். அந்த வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 130 மீட்டர் போகும். அரை கிலோமீட்டருக்குள் சத்தம் வந்தால் பெரும்பாலும் தூரக் கணக்கு. அதற்குப் பிறகும் அமைதி என்றால் வேகம் மட்டும்தான். அப்படிப்பட்ட காடியைத் தோட்டத்துக்குள் அதன் வேக வரம்புக்குக் கீழே ஓட்டினால் சத்தம் வராது. தோட்டப் பாதையில் அதற்கு மேல் ஓட்டுவதற்கும் காரணம் இல்லை. நான்கு சக்கர இழுவையில் ‘எல்’ கியர் போட்டால் வேகம் தானாகவே அடங்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சத்தம் தானாக ஓய்ந்த பிறகும், எஞ்சினை நிறுத்தி மறுபடி முடுக்கினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். சில காடிகளில் கதவைத் திறந்து மூடினாலே போதும். மரத்துக்கு மரம் எஞ்சினை அணைக்கிறவர்களுக்கு அலாரம் ஓயாமல் கேட்பதற்கு இதுதான் காரணம்.

ஜூன் 5, புதன்

கத்துவது பெரும்பாலும் ஓட்டுநர் பெல்ட்டுக்காக இல்லை. பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கூடை, உரமூட்டை, மருந்து தெளிக்கும் பம்பு, சோற்றுத் தூக்கு என்று ஏதோ ஒன்று இருக்கும். இருக்கை மெத்தைக்கு அடியில் மெல்லிய பாய் போன்ற எடை உணரி இருக்கிறது. அதற்கு ஆளும் ஒன்றுதான், மூட்டையும் ஒன்றுதான்.

சாமானைப் பின் தட்டுக்கோ காலடிக்கோ மாற்றுங்கள். முடியாவிட்டால் சாமானுக்கு மேலாகப் பெல்ட்டைப் பூட்டிவிடுங்கள். இறக்கத்தில் பிரேக் போட்டால் மூட்டை டேஷ்போர்டில் போய் மோதாது. ஒன்றுமே வைக்காமல் கத்துகிறது என்றால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். மழையில் நனைந்தவர் உட்கார்ந்த மறுநாள், அல்லது உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாள் இது வரும். மெத்தை உறையைக் கழற்றி, கதவைத் திறந்து வைத்து, காற்றாடி போட்டு நன்றாக உலர்த்திய பிறகே உணரி கெட்டுவிட்டதா என்று முடிவு செய்யலாம். பின்னாலிருந்து எதையாவது எடுக்க இருக்கைமேல் முழங்காலை ஊன்றும் பழக்கம் இந்தப் பாயைக் கெடுக்கும். முழு எடையும் ஒரே புள்ளியில் இறங்கி உள்ளே இருக்கும் மென்தகடு மடிந்துபோகிறது.

ஜூன் 8, சனி

மலைக்காரர்கள் எப்போதும் சொல்லும் குறை: “மேட்டில் நிறுத்தினா பெல்ட்டு இழுக்கவே வரலை, அப்புறம் எப்படிப் போடுறது?” பெல்ட் பழுதாகவில்லை. கதவோரத் தூணுக்குள் பெல்ட் சுருண்டிருக்கும் பெட்டியில் ஒரு சிறு குண்டு இருக்கிறது. காடி சாய்ந்தாலோ சட்டென்று நின்றாலோ அது நகர்ந்து பல்லைப் பூட்டிவிடும். விதி 16-இன்படி 12 பாகைச் சாய்வு வரை பூட்டக்கூடாது, சாதாரண வகை 27 பாகையைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். நடுவில் எங்கே பூட்டும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். 12 பாகை என்றால் நூறு மீட்டருக்குச் சுமார் 21 மீட்டர் ஏற்றம். நம் தோட்டத்துச் சிமெண்டுப் பாதைகள் பல இடங்களில் அதைவிடச் செங்குத்து.

அதனால் ஏறத் தொடங்குவதற்கு முன், அடிவாரத்துச் சமதரையிலேயே பெல்ட்டைப் பூட்டிவிட வேண்டும். மேட்டில் அவிழ்த்துவிட்டால், பட்டையைக் கொஞ்சம் உள்ளே போகவிட்டு மெதுவாக ஒரே சீராக இழுத்துப் பாருங்கள். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுக்கிக்கொள்ளும். அப்படியும் வரவில்லை என்றால் சாய்வு குறைந்த இடத்துக்குக் காடியை ஊர்ந்து நகர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் கருத்தைக் கேட்டால், மலைத் தோட்டத்தில் பெல்ட் இல்லாமல் ஓட்டவே கூடாது. மணிக்கு 10 கிலோமீட்டர்தானே என்பார்கள். ஈரமான செம்மண்ணில் பின்சக்கரம் வழுக்கிக் காடி பள்ளத்தில் உருள அந்த வேகமே போதும். உருளும் காடியில் பெல்ட் இல்லாதவர் சன்னல் வழியாக வெளியே விழுகிறார், அவர்மேலேயே காடி விழுகிறது.

ஜூன் 14, வெள்ளி

பெல்ட் போட்ட பிறகும் விளக்கு அணையவில்லை என்றால் பக்கிளைப் பார்க்க வேண்டும். உள்ளே பெல்ட்டின் உலோக நாக்கு போய் உட்கார்ந்ததும் அழுந்துகிற ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. செம்மண் தூசு, செம்பனை நார், பத்து காசு, கொட்டிய தே தாரேக் என்று எதெல்லாமோ உள்ளே போய் அதை அடைத்துவிடும். சர்க்கரை காய்ந்து பசையாகும்போதுதான் தொல்லை அதிகம். நாக்கு பாதி இறங்கி, பூட்டியதுபோல் தோன்றி, உண்மையில் பூட்டாமல் நிற்கும். ‘கிளிக்’ சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதோடு விடாமல், இழுத்தும் பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை: எஞ்சினை அணைத்து, பக்கிளின் வாய் தரையைப் பார்க்கும்படி சாய்த்துப் பிடித்து, முதலில் உறிஞ்சு குழாயால் இழுங்கள். பிறகு கம்ப்ரசர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில், 30 பிஎஸ்ஐ போதும், விட்டுவிட்டு ஊதுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மண் முகத்தில்தான் தெறிக்கும். பசை இருந்தால் மெல்லிய பாட்டில் பிரஷை வெதுவெதுப்பான நீரில் லேசாக நனைத்துத் தேய்த்து, மறுபடி ஊதி உலர்த்துங்கள். கடைசியாக மின் இணைப்புகளுக்கான கான்டாக்ட் கிளீனரை ஒரே ஒரு முறை உள்ளே அடித்துவிட்டு, அரை மணி நேரம் காய்ந்த பிறகு சாவியைத் திருப்பிப் பாருங்கள். துருநீக்கி எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். முதல் வாரம் வழவழப்பாக இருக்கும், அடுத்த வாரம் தூசு முழுவதையும் பிடித்து வைத்துக் களிமண் ஆக்கிவிடும். நாக்கின் உலோகத் தகடு வளைந்திருந்தாலோ பக்கிள் உடைந்திருந்தாலோ தட்டிச் சரிசெய்யாமல் முழுப் பக்கிளையும் மாற்றுங்கள். விபத்தில் சிக்கிய காடியிலிருந்து கழற்றிய பழைய பக்கிளை வாங்க வேண்டாம்.

ஜூன் 19, புதன்

சுத்தம் செய்தும் விட்டுவிட்டுக் கத்தினால் ஒயர் கோளாறு. பெல்ட்டைப் பூட்டி, சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, இருக்கையை முழுக்க முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளியபடி மீட்டர் விளக்கைக் கவனியுங்கள். ஏதோ ஓர் இடத்தில் விளக்கு மின்னினால் இருக்கைக்கு அடியில் ஒயர் தேய்ந்திருக்கிறது அல்லது இணைப்பான் தளர்ந்திருக்கிறது. தோட்டத்துக் காடிகளில் இது சகஜம். பாராங் கத்தி, தண்ணீர் பாட்டில், சங்கிலி எல்லாம் இருக்கைக்கு அடியில்தானே கிடக்கின்றன!

கையை விடுவதற்கு முன் ஒரு கண்டிப்பு. மஞ்சள் நிற இணைப்பானும் மஞ்சள் உறை போட்ட ஒயரும் ஏர்பேக்குக்கும், மோதலில் பெல்ட்டைச் சட்டென்று இழுத்துப் பிடிக்கும் பெல்ட் இறுக்கிக்கும் உரியவை. அவற்றில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது, மீட்டரின் சிறு மின்னோட்டமே வெடிக்க வைக்கலாம். இருக்கைக்கு அடியில் எந்த இணைப்பானைக் கழற்றுவதானாலும் சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, குறைந்தது 90 வினாடி காத்திருங்கள்.

பக்கிள் சுவிட்சின் சிறிய இணைப்பானில் மட்டும் ஓம் அளவு பார்க்கலாம். சாதாரண சுவிட்ச் என்றால் பூட்டிய நிலையிலும் திறந்த நிலையிலும் ஒன்றில் கிட்டத்தட்ட பூஜ்யமும் மற்றதில் முடிவிலியும் காட்டும். எது எதில் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும், பூட்டித் திறக்கும்போது அளவு மாறினால் சரி. இரண்டிலும் ஒரே அளவு என்றால் சுவிட்ச் போயிற்று. காந்தம் வைத்த ஹால் உணரி வகையில் ஓம் அளவு ஒன்றும் சொல்லாது. பட்டறையில் ஸ்கேன் கருவியைச் செருகி, பூட்டித் திறந்து, திரையில் நிலை மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பியூசைப் பிடுங்கும் யோசனை வேண்டவே வேண்டாம். அந்தப் பியூசில் பல காடிகளில் மீட்டரோ ஏர்பேக்கோ சேர்ந்தே தொங்கும்.

ஜூன் 24, திங்கள்

கார் சாமான் கடையில் சில வெள்ளிக்கு விற்கும் போலி நாக்கைப் பற்றி. பக்கிளில் செருகினால் அலாரம் அடங்கும். கெடுதல் என்னவென்றால், பக்கிள் சுவிட்சின் தகவல் ஏர்பேக் கணினிக்கும் போகிறது. பெல்ட் போட்டவருக்கு ஒரு விதமாகவும் போடாதவருக்கு வேறு விதமாகவும் ஏர்பேக்கை விரிக்கும் காடிகள் உண்டு. போலி நாக்கு அந்தக் கணினியிடம் பொய் சொல்கிறது. இந்தியாவில் 2023 மே மாதம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதை விற்ற ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு விற்பனையை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது.

பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு உட்காருவதும் இதே கதைதான். கணினிக்கு அதே பொய், உடம்புக்குப் பாதுகாப்பு பூஜ்யம்.

ஜூன் 29, சனி

சமதரைத் தோட்டத்தில், நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கும் வேலையில் அலாரத்தை அணைக்க நியாயம் இருக்கிறது. அதற்குத் தயாரிப்பாளரே வைத்த வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். விதி 16 அதை அனுமதிக்கிறது. ஆனால் தற்காலிகமாக அணைப்பது பெல்ட்டைப் பூட்டித் திறப்பதைவிடக் கடினமாக இருக்க வேண்டும் என்கிறது. நிரந்தரமாக அணைக்கும் முறையோ பட்டறைக் கையேட்டில் மட்டும் இருக்க வேண்டும், அல்லது காடியோடு தராத கருவி தேவைப்பட வேண்டும்.

மீட்டரில் ஓடோ/டிரிப் பொத்தான் உள்ள பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் வழி இது. நிறுத்திய காடியில், பெல்ட் பூட்டாமல், திரையில் டிரிப் இல்லாமல் ஓடோ தெரியும்படி வைத்துச் சாவியை அணையுங்கள். மறுபடி ‘ஆன்’ செய்து, ஆறு வினாடிக்குள் பொத்தானை அழுத்தி, பத்து வினாடிக்கு மேல் பிடித்திருங்கள். கையை எடுக்காமலே ஓட்டுநர் பெல்ட்டைப் பூட்டுங்கள். திரையில் ‘பி-ஆன்’ என்று வந்தால் பொத்தானை ஒருமுறை தட்ட ‘பி-ஆஃப்’ ஆகும். சாவியை அணைத்தால் பதிந்துவிடும். திரும்ப இயக்கவும் இதே முறைதான். எழுத்து வரவில்லை என்றால் உங்கள் மாதிரியில் அந்த வழி இல்லை, பட்டறையின் ஸ்கேன் கருவியில்தான் மாற்ற முடியும். வேறு சில தயாரிப்புகளில் பெல்ட்டைக் குறித்த நேரத்துக்குள் பலமுறை பூட்டித் திறக்கும் முறை உண்டு.

சத்தம் போனாலும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அதுவும் அணைந்திருந்தால் வேறு எதையோ கெடுத்துவிட்டீர்கள்.

ஜூலை 4, வியாழன்

நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் தரை சமம், ஆனால் இரண்டு வயல்களுக்கு நடுவே பொதுச்சாலை குறுக்கிடும். வேலியைத் தாண்டிய கணமே சட்டம் வேறு. மலேசியாவில் முன்னிருக்கை பெல்ட் 1979 முதல் கட்டாயம், பின்னிருக்கை 2009 ஜனவரி 1 முதல். சாலையை வெறுமனே குறுக்கே கடப்பதும் சாலையில் ஓட்டுவதுதான். ஒரே காடி தோட்டத்துக்கும் ஊருக்கும் ஓடுகிறது என்றால் அலாரத்தை அணைக்காமல் விடுவதே மேல்.

தொழிலாளிகளை ஓட்ட வைப்பவர்கள் கவனிக்க: திருத்திய தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதலாளியின் பொதுக் கடமையை மீறினால் அபராத உச்சவரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாகிவிட்டது. அலாரத்தை அணைத்துக் கொடுத்தவர் யார் என்ற கேள்வி விபத்துக்குப் பிறகு வரும்.

ஜூலை 11, வியாழன்

டிராக்டருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தலைக்கு மேல் உருளல் தடுப்புச் சட்டகம் நிமிர்ந்து நின்றால் பெல்ட் போட வேண்டும். ஆளை அந்தச் சட்டகத்தின் காப்பு வளையத்துக்குள் வைத்திருப்பது பெல்ட்தான். சட்டகமே இல்லாத பழைய டிராக்டரில், அல்லது தாழ்ந்த கிளைக்காகச் சட்டகத்தை மடக்கிய நேரத்தில், பெல்ட் போடக்கூடாது. கவிழ்ந்தால் குதித்துத் தப்ப வழியில்லாமல் கட்டிப் போட்டதாகிவிடும். கிளையைக் கடந்ததும் சட்டகத்தை நிமிர்த்தி, முள்ளாணியைச் செருகிவிட்டுப் பெல்ட்டைப் பூட்டுங்கள். முள்ளாணி தொலைந்திருந்தால் கம்பியைச் செருகிச் சமாளிக்காமல் அதே தடிமனுள்ள ஆணியை வாங்கிப் போடுங்கள்.