மொத்தம் 2.6, நேரடி 0.4

ஜூலை 30, சத்துவாச்சாரி

ஆடிக் கிருத்திகைக்கு விரதமிருந்து இரத்தினகிரி மலையேறி வந்த அக்கா மகனுக்குக் கண் மஞ்சளித்திருந்ததால், எங்கள் பரிசோதனைக் கூடத்திலேயே இரத்தம் எடுத்தேன். வெளிச்சம் பட்டால், கண்ணை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபின் சிதைந்து அளவு குறைவாகத் தெரியும் என்பதால், குழாயைக் கருப்புத் தாளில் சுற்றி வைத்தேன். மொத்த பிலிருபின் டெசிலிட்டருக்கு 2.6 மில்லிகிராம், நேரடி 0.4, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கிடைக்கும் மறைமுகம் 2.2. கல்லீரல், பித்தநாளப் பாதிப்பைக் காட்டும் நொதிகளான எஸ்.ஜி.பி.டி.யும் அல்கலைன் பாஸ்பேட்டேஸும் இயல்பாகவே இருந்தன. தடித்த எழுத்தில் இருந்த 2.6 மட்டுமே அக்காவின் கண்ணில் பட்டது. “காமாலைதானே தம்பி? நாளைக்கே கீழாநெல்லி கொடுத்துப் பத்தியம் வைத்துவிடுகிறேன்” என்றாள்.

ஜூலை 31

சுமார் 120 நாள் வாழ்ந்து முடிந்த சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மறைமுகப் பிலிருபினை, கல்லீரல்தான் நீரில் கரையும் நேரடி வகையாக மாற்றிப் பித்தத்தில் சேர்க்கிறது. மாற்றப்படாத நிலையில் அது ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு இரத்தத்திலேயே சுற்றுவதால் சிறுநீரில் இறங்குவதில்லை; பையனின் சிறுநீரில் நனைத்த பட்டையும் நிறம் மாறவில்லை. நேரடி அளவு ஏறியிருந்தால் பித்தநாள அடைப்பையோ கல்லீரல் அழற்சியையோ தேடியிருப்போம். இப்போது எழும் கேள்வி வேறு: சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைகின்றனவா, அல்லது கல்லீரல் மாற்றும் வேகம் குறைவா?

ஆகஸ்ட் 1

ஹீமோகுளோபின் 14.8. இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட் 1 சதவீதம், அதுவும் இயல்பு. அணுக்கள் உடைந்தால் ஏறும் எல்.டி.எச். நொதியும் இயல்பு. இரத்தப் பூச்சை மைக்ராஸ்கோப்பில் நானே நிதானமாகப் பார்த்தேன். உடைந்த அணுக்களும் இல்லை, நடுவெளுப்பில்லாமல் உருண்டு திரண்டவையும் இல்லை. ஆக, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைவதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3

கில்பர்ட் சின்ட்ரோமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். யு.ஜி.டி.1.ஏ.1 என்ற மரபணுவின் மாறுபாட்டால் மாற்றும் நொதி குறைவாக வேலை செய்யும் பிறவி இயல்பு அது. பட்டினி, காய்ச்சல், நீர் வற்றுதல், கடும் உழைப்பு ஆகியவற்றில் அளவு ஏறும். விரதமும் மலையேற்றமும் ஏற்றிவிட்டதை, எண்ணெயும் உப்பும் நீக்கி அரைவயிற்றுக் கஞ்சியோடு நிறுத்தும் பத்தியம் இறங்கவிடாமல் பிடித்து வைக்கும் என்பதே என் கணிப்பு. அக்காவிடம் இதைச் சொல்லி, பையனுக்கு மூன்று வேளையும் வழக்கமான சாப்பாடு போடச் செய்தேன். முழு மனதோடு அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 14

மொத்தம் 1.3, நேரடி 0.3. மருந்து எதுவும் வேண்டாம் என்ற மருத்துவர், புற்றுநோய்க்குத் தரும் இரினோடீகான் போன்ற சில மருந்துகள் இத்தகையோரிடம் கூடுதல் பாதிப்பை உண்டாக்கக்கூடும் என்பதால், இரு அறிக்கைகளையும் பத்திரப்படுத்தி, எங்கு சிகிச்சைக்குப் போனாலும் காட்டச் சொன்னார்.