ஒரே ஈற்று, இரண்டு அளவு

நேற்று இரவு என் இரண்டு போவா பாம்புகளையும் எடை போட்டேன். ஒரே தாய், ஒரே ஈற்று, வயது 5. பெண் ஆறடியைத் தொட்டுவிட்டாள், 4 கிலோ. ஆண் ஐந்தடிகூட இல்லை, ஒன்றரைக் கிலோதான்.

போவா முட்டையிடாது, குட்டி போடும். வந்த புதிதில் இரண்டுமே ஒன்றரை அடிக் குட்டிகள். சமையலறைத் தராசில் டப்பாவோடு வைத்துத்தான் நிறுப்பேன். இந்த இனத்தில் பெண் பெரிதாவது வழக்கம். ஆனால் இவன் குளிர்காலம் வந்தால் மாதக்கணக்கில் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அதுவும் சேர்ந்துகொண்டது.

பூர்வீகமும் முக்கியம். ஹோண்டுராஸின் காயோஸ் கொச்சினோஸ் தீவு வழி வந்தவை நன்றாகத் தின்றாலும் பெரும்பாலும் நாலைந்து அடியோடு நின்றுவிடும். ஆகவே 'ஒரு வயதில் எத்தனை அடி இருக்கணும்?' என்று கேட்பவர்களிடம், எந்த வழி, ஆணா பெண்ணா என்றுதான் முதலில் கேட்பேன்.

முதல் வருடம் பெண்ணுக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை இரை வைத்தேன். சீக்கிரம் பெரிதாக வேண்டும் என்ற ஆசை. ஒரு காலையில் பாதி செரித்த எலியைக் கக்கி வைத்திருந்தாள். அந்த நாற்றம் இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு வாரம் பட்டினி போட்டு, அப்புறம் ஒரு சின்ன எலியில் தொடங்கினேன். இப்போது மாதம் ஒரு எலி, அவ்வளவுதான்.

நீளத்தை உரித்த தோலை வைத்து அளக்காதீர்கள். அது இழுபட்டு, பாம்பைவிட நீளமாக இருக்கும். தொட்டியின் கண்ணாடியோரம் நீட்டிப் படுக்கும்போது நூல் பிடித்துப் பாருங்கள்.