100 யென்னுக்கு ஒரு துப்பறியும் வேலை

தோக்கியோவின் யமனோதே ரயில் தகதனோபாபா நிலையத்திலிருந்து கிளம்பும்போது நடைமேடையில் ஒரு மெட்டு ஒலிக்கிறது. சித்திரக்கதைக் கலைஞர் ஒசாமு தெசுகா படைத்த இயந்திரச் சிறுவன் அஸ்ட்ரோ பாயின் மெட்டு அது. கதைப்படி அவன் பிறந்தது இந்தப் பகுதியில், 2003 ஏப்ரல் 7 அன்று. கதையில் வந்த நாள் நாட்காட்டியிலும் வந்தபோது, அந்த மெட்டையே நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ரயில் போன பிறகும் நான் அங்கேயே நின்று, அடுத்த ரயிலுக்கு இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினேன்.

வசேதா பல்கலைக்கழகம் அருகில் இருப்பதால் தெருவெங்கும் மாணவர்கள். பாலத்தடியில் தெசுகாவின் பாத்திரங்களை வரைந்த நீண்ட சுவரோவியம். அதைத் தாண்டி, நாணயம் போட்டு வீடியோ விளையாட்டு ஆடும் ஒரு பழைய விளையாட்டுக்கூடத்துக்குள் நுழைந்தேன். நான் தேடி வந்தது ‘டான்ட்-ஆர்’ என்ற விளையாட்டை.

சேகா நிறுவனம் 1992இல் விளையாட்டுக்கூடங்களுக்காக வெளியிட்ட புதிர் விளையாட்டு இது. ஒரே விளையாட்டு என்று சொல்வதும் சரியில்லை. அரை நிமிடத்தில் முடிந்துவிடும் சின்னச் சின்னப் புதிர்களைக் கோத்த மாலை. ‘டான்டோ ஆரு’ என்றால் ஜப்பானிய மொழியில் ‘நிறைய இருக்கிறது’ என்று பொருள். பெயர் அந்தச் சொல்லை வைத்துச் செய்த சிலேடை. தப்பி ஓடிய குற்றவாளியை இரண்டு துப்பறிவாளர்கள் துரத்துகிறார்கள், அவ்வளவுதான் கதை. துரத்தும் வழியெல்லாம் புதிர். சேகாவின் ‘பொனான்சா பிரதர்ஸ்’ விளையாட்டில் வந்த உருண்டை முக ஆட்களின் சாயல்தான் இவர்களுக்கும்.

சில்லறை இயந்திரத்தில் 1000 யென் தாளைக் கொடுத்தேன். பத்து 100 யென் நாணயங்கள் சலசலவென்று விழுந்தன. ஒரு நாணயம் ஏறக்குறைய 60 ரூபாய். இருக்கை முக்காலி போல அவ்வளவு தாழ்வு. உட்கார்ந்ததும் முழங்கால் இயந்திரத்தில் இடித்தது. கைப்பிடியின் உருண்டைத் தலை எத்தனையோ கைகள் பட்டு மினுமினுத்தது.

திரைக்கு மேலே இருந்த விளக்க அட்டை முழுக்க ஜப்பானிய எழுத்து. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் முதல் புதிரிலேயே என்ன செய்ய வேண்டும் என்று கண்ணுக்குப் புரிந்துவிட்டது. ஒரு முகத்தைக் காட்டி, அதே முகத்தைக் கூட்டத்தில் கண்டுபிடி என்கிறார்கள். வார இதழ்களில் ஆறு வித்தியாசம் கண்டுபிடித்து வளர்ந்த கண்ணுக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடையாது. அடுத்த புதிர் எது என்பதைச் சுழலும் விளக்கு முடிவு செய்கிறது. ஒன்றில் நினைவாற்றல், ஒன்றில் சிக்கலான பாதை, இன்னொன்றில் பொத்தானை விடாமல் தட்டும் வேகம். நேரம் முடிவதற்குள் குறித்த எண்ணிக்கையைத் தொடவேண்டும். தவறினால் ஓர் உயிர் போகும்.

இரண்டு நாணயங்கள் மளமளவென்று போய்விட்டன. மூன்றாவதைப் போடும்போது பக்கத்து முக்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அலுவலக உடை, தலை பாதி நரைத்திருந்தது, ஐம்பது வயது இருக்கலாம். என்னைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். நானும் தாழ்த்தினேன். இரண்டாம் ஆட்டக்காரருக்கான இடத்தில் தன் நாணயத்தைப் போட்டார்.

இந்த விளையாட்டின் அழகு இங்கேதான் எனக்கு விளங்கியது. சண்டை விளையாட்டுகளில் பக்கத்தில் இருப்பவர் எதிரி. இங்கே இரண்டு துப்பறிவாளர்களும் ஒரே குற்றவாளியின் பின்னால் ஓடுகிறார்கள். நான் தடுமாறிய பாதையை அவர் நிதானமாகக் கடந்தார். முகம் தேடும் புதிரில் என் கண் அவரை முந்தியது, அவர் ‘ஓ!’ என்று மனம்விட்டு வியந்தார். பிறகு திரையில் ஓடும் உருவங்களை எண்ணும் புதிர் வந்தது. அவர் வாய்க்குள் ‘இச்சி, நி, சான்’ என்று எண்ண, என் வாயில் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ வந்தது. இருவர் குரலும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தன. கடைசி உருவம் ஓடி மறைந்ததும் ஒரே எண்ணுக்கு வந்திருந்தோம். விடை சரி. அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அன்று காலை, மின்னணுக் கடைகளுக்குப் பேர்போன அகிஹபாரா பகுதியில் பார்த்த காட்சி அப்போது நினைவுக்கு வந்தது. சேகாவின் நீலப் பலகை தொங்கிய கட்டடங்களில் இப்போது ‘கிகோ’ என்ற பெயர். பெருந்தொற்றில் கூட்டம் வற்றிப்போன 2020இன் கடைசியில், விளையாட்டுக்கூடங்களை நடத்திய தன் நிறுவனத்தின் 85.1 சதவீதப் பங்கை சேகா விற்றது. மீதியும் 2022 ஜனவரியில் கைமாறியது. தெருவிலிருந்து அந்தப் பெயர் போய்விட்டது. இன்னொரு நெருக்கடி எல்லாக் கூடங்களுக்கும் பொது. விற்பனை வரி 2014இல் 5 சதவீதத்திலிருந்து 8 ஆனது, 2019இல் 10 ஆனது. ஹோட்டல்காரர் விலைப்பட்டியலை மாற்றிக்கொள்ளலாம்; நாணயத் துளை 100 யென்னைத்தான் விழுங்கும். கூடிய வரி கடைக்காரர் கையிலிருந்துதான் போகிறது.

இயந்திரங்களைக் காப்பதும் எளிதில்லை. நாங்கள் விளையாடியது கனமான படக்குழாய்த் திரையில். அதைப் பெரிய நிறுவனங்கள் கைவிட்டு வெகுகாலமாகிறது. ஒன்று பழுதானால் இன்னொரு பழையதிலிருந்துதான் பாகம் எடுக்கவேண்டும். உள்ளே இருக்கும் சேகாவின் சிஸ்டம் சி-2 என்ற மின்சுற்றுப் பலகை, வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் சேகாவின் மெகா டிரைவ் கருவிக்கு நெருங்கிய உறவு. அதனால்தான் மறு ஆண்டே இந்த விளையாட்டு வீட்டுக்கும் வந்தது. வீட்டில் விளையாட எனக்கும் வழி இருக்கிறது. அங்கே பக்கத்து முக்காலியில் இப்படி ஒருவர் வந்து உட்கார மாட்டார். ஒரு மூலையில் ஊழியர் ஒருவர் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து, கைவிளக்கைப் பல்லில் கடித்தபடி கம்பி இணைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தபோது, இந்தக் கூடம் நன்றாக இருக்கவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

குற்றவாளியை நாங்கள் பிடிக்கவில்லை. கடைசி உயிர் என் கையில் போனது. ‘மன்னியுங்கள்’ என்று எனக்குத் தெரிந்த ஒரே சொல்லில் ‘சுமிமாசென்’ என்றேன். அவர் கையை ஆட்டி மறுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார், இன்னொரு நாணயத்தைத் துளைக்குள் போட்டார்.

என் கையில் ஏழு மிச்சமிருந்தன.