செவர்லே லாரிக்கு இசுஸு இஞ்சின் ஏத்தின கதை

பர்மாவுல லாரி பட்டறையில வேலை பாக்குறவனுக்கு ஒரு கம்பெனி வண்டியில இன்னொரு கம்பெனி இஞ்சின ஏத்துறது புதுசே கிடையாது. 1962க்கு அப்புறம் வெளியிலேர்ந்து வண்டியும் பார்ட்ஸும் வர்றது சுருங்கிப்போச்சு, இருக்குற வண்டிய எப்படியாவது ஓட்டித்தான் ஆகணும், அதனால கையில என்ன இஞ்சின் கிடைக்குதோ அத ஏத்தி ஓட்டுனாங்க, அப்படியே பழகிப்போன ஊரு இது. ஜப்பான்காரன் போர் நஷ்ட ஈடா குடுத்த காசுல ஹீனோ லாரி இங்கயே பூட்ட ஆரம்பிச்ச பிறகு ஜப்பான் டீசல் இஞ்சின் சாமான் கொஞ்சம் கொஞ்சமா பழக்கத்துக்கு வந்துச்சு, பட்டறைக்காரங்க கையும் அதுலயே ஊறிப்போச்சு.

இப்ப நான் சொல்ல வர்றது தெற்கு பர்மாவுல இருக்குற மோல்மீன் ஊர் பக்கத்துலேர்ந்து எங்க பட்டறைக்கு வந்த செவர்லே சி15. ரப்பர் தோட்டத்துல சரக்கு ஏத்துற வண்டி, முதலாளி நம்ம தமிழ் ஆளு, அவரோட அப்பா போர் முடிஞ்சு பட்டாளம் விட்டுட்டுப் போன லாரிய ஏலத்துல எடுத்ததாம். கனடாவுல செஞ்ச ராணுவ வண்டி, முன் கண்ணாடி மேல்பக்கம் முன்னாடி தள்ளி கீழ்ப்பக்கம் உள்வாங்கி இருக்கும், மேல பறக்குற விமானத்துக்கு வெயில் பட்டு மின்னக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான். அந்தப் போருக்கு கனடா எட்டு லட்சத்துக்கு மேல ராணுவ வண்டி செஞ்சு அனுப்புச்சு, அதுல எவ்வளவோ வண்டி பர்மா மண்ணுலயே தங்கிடுச்சு, ரங்கூன்ல மரத்துல பாடி கட்டி பஸ்ஸா ஓடுனதுல நிறைய அந்த வகைதான்.

அதோட சொந்த இஞ்சின் செவர்லே 216, ஆறு சிலிண்டர் பெட்ரோல், 85 குதிரை. நல்ல இஞ்சின், எனக்கு அது மேல மரியாதை உண்டு. ஆனா அதுல கனெக்டிங் ராடுக்கு பம்ப்பு அழுத்தத்துல ஆயில் போகாது, ராடுக்கு அடியில இருக்குற சின்ன கரண்டி மாதிரி ஒண்ணு சம்ப்புல, அதாவது இஞ்சின் அடித்தொட்டியில, இருக்குற ஆயில அள்ளித் தெளிச்சுக்கும், பேரிங்கும் உருக்கி ஊத்துன ஒயிட்மெட்டல்ங்கிற மெத்துன்னு இருக்குற உலோகம்தான். சமதரையில அளவா பாரம் ஏத்துனா வருஷக்கணக்கா ஓடும், நம்ம ஆளுங்க ஏத்துற பாரத்துக்கு மேட்டுல ஒரே இழுப்பா இழுத்தா ஒயிட்மெட்டல் நசுங்கி டக்கு டக்குன்னு தட்ட ஆரம்பிச்சிடும். எங்க ஸயா (பர்மாவுல வாத்தியாரை, பட்டறை குருவை இப்படித்தான் கூப்பிடுவோம்) அந்த பேரிங்க கையால சுரண்டி உட்கார வைக்கிறத ஒரு தமிழ் ஃபிட்டர்கிட்டதான் கத்துக்கிட்டாரு. 1964ல கடைகண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்தப்ப கப்பலேறிப் போன நம்ம ஜனத்தோட அந்த ஃபிட்டரும் போயிட்டாரு, ஆனா அவர் கைவேலை இன்னிக்கு வரைக்கும் ஒரு பர்மாக்காரர் கையில இருக்கு, அத நெனச்சா எனக்கு எப்பவும் மனசு நெறஞ்சு போகும்.

வண்டி வந்தப்ப 216 அதுல இல்ல, எப்பவோ கழட்டி தோட்டத்துல போட்டிருக்காங்க, வேற ஒரு பட்டறையில போட்ட பழைய ஜப்பான் டீசல்தான் இருந்துச்சு. கம்ப்ளெய்ண்ட் என்னன்னா மூணாவது கியர் தானா கழண்டு விழுது, கிளச் மிதிச்சாலும் முழுசா விடல, கியர்பாக்ஸுக்குள்ள போற இன்புட் ஷாப்ட்டோட நுனியத் தாங்குற பைலட் பேரிங்க எத்தனை தடவ மாத்துனாலும் தின்னுடுது. கியர்பாக்ஸப் பிரிச்சா பல்லெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஸயா டயல் கேஜை ஃபிளைவீல்ல கட்டி முள்ள பெல் ஹவுசிங்கோட, அதாவது கிளச்ச மூடி கியர்பாக்ஸத் தாங்குற கூட்டோட, ஓட்டை ஓரத்துல வச்சு கிராங்க்க மெல்ல ஒரு சுத்து சுத்தச் சொன்னாரு, முள்ளு ஒரு பக்கமா ஓடுச்சு. கேஜ் காட்டுறதுல பாதிதான் உண்மையான விலகல், அந்த விலகல் அஞ்சு தௌவுக்குள்ள (ஒரு தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) இருக்கணும், இதுல அதவிட ரொம்ப தாண்டிப்போச்சு. அதாவது இஞ்சினோட மையமும் கியர்பாக்ஸோட மையமும் ஒரே கோட்டுல இல்ல, இன்புட் ஷாப்ட் ஒவ்வொரு சுத்துக்கும் வளைஞ்சு வளைஞ்சு ஓடுது, பேரிங் எப்படித் தாங்கும்.

இஞ்சினத் தூக்கி வைக்கிறத வேடிக்கை பாக்க தெருவே கூடும், செயின் பிளாக் போட்டு இறக்குறது சின்ன வேலை, ஒரு கம்பெனி இஞ்சினையும் இன்னொரு கம்பெனி கியர்பாக்ஸையும் இணைக்கிற அடாப்டர் பிளேட்லதான் வண்டியோட உசுரே இருக்கு. அந்தப் பிளேட்ட போல்ட்டோட ஓட்டைய நம்பி உட்கார வைக்கக்கூடாது, போல்ட்டு இறுக்கிப் பிடிக்கத்தான், இடத்தக் காட்டுறது டவல் பின்ங்கிற சின்ன இரும்பு முளை. மையம் பாத்து முடிச்ச பிறகு பிளேட்டயும் பிளாக்கையும் சேத்து ரீமர் போட்டு ஓட்டைய அளவா சரிபண்ணி டவல் அடிச்சாதான் நாளைக்கு இன்னொருத்தன் கழட்டி மாட்டுனாலும் அதே இடத்துல உட்காரும். பிளேட் எவ்வளவு தடிமனோ அவ்வளவு கியர்பாக்ஸ் இஞ்சின விட்டு விலகி நிக்கும், அப்ப இன்புட் ஷாப்ட் நுனி பைலட் பேரிங்குக்குள்ள போய்ச் சேருதான்னு ஆழம் அளந்து பாக்கணும், இத அளக்காம பூட்டுறவங்கள நெனச்சா எனக்குக் கோவம்தான் வரும், ஏன்னா அந்த வண்டிய நம்பி ஒரு குடும்பம் சாப்பிடுது.

அந்தப் பழைய டீசலுக்குப் பதிலா நாங்க போட்டது இசுஸு 4பிடி1, நாலு சிலிண்டர், 3.9 லிட்டர். 216ல பிஸ்டன் ஓட்டம் 95 மில்லி, இதுல 118, அதனால கீழ் சுத்துலயே இழுக்கும், மேட்டுக்கு அதுதான் வேணும். செவர்லே கியர்பாக்ஸ விடக்கூடாதுன்னு ஸயா முதல்லயே சொல்லிட்டாரு. அது கெட்டியான நாலு கியர் பெட்டி, லிவரும் பழைய இடத்துலயே இருக்கும், புரொப்பெல்லர் ஷாப்ட வெட்ட வேண்டியதில்ல, டாப் கியர் நேர் கியர், டீசலும் கிட்டத்தட்ட பழைய இஞ்சின் சுத்துற சுத்துதான் சுத்தும், அதனால ரோட்டு வேகத்துல பெருசா ஒண்ணும் கொறையாது. கிளச் பிளேட்டுக்கு மட்டும் இசுஸு தட்டு நடுவுல செவர்லேயோட பத்துப் பல்லு ஹப்ப வச்சு ரிவிட் அடிச்சோம், கடையில கிடைக்காத சாமான், லேத் தம்பி கையில பொறந்தது.

ரொம்ப யோசிச்சது அதிர்வுக்குத்தான். வரிசையா நிக்கிற ஆறு சிலிண்டர்ல மேல போற எடையும் கீழ வர்ற எடையும் ஒண்ண ஒண்ணு சரிக்கட்டிடும், நாலு சிலிண்டர்ல ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ மேலும் கீழுமா ஒரு உதை மிஞ்சும், அதோட டீசல் கம்ப்ரெஷன் 17க்குப் பக்கம், பழசுல 6.5தான். இந்த வண்டியில இஞ்சின் கேபினுக்கு உள்ள டிரைவருக்கும் ஸ்பேர் பையனுக்கும் (அதாவது வண்டியில கூட வர்ற உதவியாளுக்கும்) நடுவுல உட்கார்ந்திருக்கு, பழைய மவுண்ட்டுல அப்படியே வச்சா தகரத்து ரிவிட்டெல்லாம் ஒண்ணொண்ணா கழண்டு வரும். அதனால ரப்பர் மெத்துன்னு இருக்குற மவுண்ட் செஞ்சு, பிராக்கெட்ட சேசிஸ்ல ஏற்கனவே இருக்குற ஓட்டையிலயே போல்ட் போட்டோம். காஸ் வச்சு சேசிஸ ஒரு இடத்துல கூட வெட்டல. முதலாளியோட பேரப்பிள்ள யாராவது ஒருநாள் 216ஐ திரும்ப வைக்கணும்னு ஆசப்பட்டா வைக்கலாம், அந்த வழிய அடைச்சுட்டுப் போக எங்களுக்கு உரிமை இல்லன்னு நான் நம்புறேன்.

ஒரிஜினல் இல்லாத வண்டிக்கு இவ்வளவு செலவான்னு கேக்குறவங்க உண்டு. 2011ல நாப்பது வருஷத்துக்கு மேல ஆன வண்டிய ஒப்படைச்சா புதுசு இறக்க பெர்மிட் தர்றோம்னு அரசாங்கம் சொன்னப்ப இந்த மாதிரி எத்தனையோ செவர்லே வரிசையில நின்னு இரும்புக் கடைக்குப் போச்சு. ஜனங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், நல்ல கார் வேணும்னு எல்லாருக்கும் ஆசை இருக்கும்ல. ஆனா மிஞ்சி நிக்கிற ஒவ்வொண்ணும் எந்த இஞ்சினோட நின்னாலும் அசல் வண்டிதான், இந்த மண்ணுல அது வாழ்ந்ததே இஞ்சின் மாத்தி மாத்தித்தானே.

இப்ப வண்டி தோட்டத்துல ஓடுது, மூணாவது கியர் கழல்றதில்ல. 1970லேர்ந்து நாம ரோட்டுக்கு வலது பக்கமா போறோம், ஸ்டியரிங்கும் வலதுலயே இருக்கு, முன்னாடி போற வண்டிய முந்தணும்னா இடது பக்கம் உட்கார்ற ஸ்பேர் பையன் எட்டிப் பாத்து சத்தம் குடுக்கணும், டீசல் சத்தத்துல அவன் குரல் டிரைவருக்குக் கேக்கலன்னு முதலாளி போன் பண்ணாரு. இஞ்சின் மூடிக்கு உள்பக்கமா தடிச்ச ஃபெல்ட்டும் அதுக்கு மேல தகரமும் வச்சு அனுப்பப்போறோம், சித்திரை வெயில் வர்றதுக்குள்ள ரேடியேட்டர் ஃபேனுக்கு ஒரு கூண்டும் கட்டிடணும், லேத் தம்பி அளவெடுக்க அடுத்த வாரம் மோல்மீன் போறான்.