முறுகும் சேஸிஸ், முறுகாத வீடு

ராணுவம் கழித்துவிட்ட ஒரு யூனிமாக் லாரியை, உள்ளே படுத்து, சமைத்து, ரோடு முடிகிற இடத்துக்கு அப்பாலும் போய்வரக்கூடிய வீடாக மாற்ற எனக்கு இரண்டரை வருடம் ஆனது. முழுநேர வேலை இல்லை, வார இறுதிகளும் விடுமுறைகளும்தான். வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கட்டில் எங்கே, அடுப்பு எங்கே என்று. அதெல்லாம் கடைசி நான்கு மாத வேலை. என் காலத்தில் பெரும்பகுதியைத் தின்றது, எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸுக்கும், அதன் மேல் வீடாக உட்காரும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் ஒரு சாண் இடைவெளி. அதனால் அதைப் பற்றித்தான் இங்கே நிறைய எழுதப் போகிறேன்.

வண்டி யூனிமாக் யூ 1300 எல், 435 வரிசை. ஜெர்மன் ராணுவம் ஆயிரக்கணக்கில் வாங்கிப் பயன்படுத்திய மாடல். 5,675 சிசி, ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், 130 குதிரைத்திறன், மொத்த அனுமதி எடை 7.5 டன். யூனிமாக் பிறந்தது ராணுவத்துக்காக அல்ல, விவசாயத்துக்காக. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அதை வரைந்தவர்கள், இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளுக்குச் சரியாகப் பொருந்தும்படி இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை 1,270 மி.மீ. என்று வைத்தார்கள். அந்த வயல்காட்டுப் புத்தி இன்றும் அதன் உடம்பில் இருக்கிறது. அச்சு, சக்கரத்தின் மையத்துக்கு மேலே ஏறி நிற்கும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்புக்குள்ளும் தனியாக ஒரு ஜோடி பல்சக்கரம் சுழலும். அதனால்தான் வண்டியின் வயிறு தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில் இருக்கிறது.

மீட்டர் 31,000 கிலோமீட்டர்தான் காட்டியது. அதைப் பார்த்து மயங்கக் கூடாது. இந்த வண்டிகள் ஓடிக் கெடுவதில்லை, நின்று கெடுகின்றன. வருடக்கணக்கில் கொட்டகையில் நின்றதில் இரும்பு அப்படியே இருந்தது, ரப்பர் எல்லாம் செத்துப்போயிருந்தது. டயரின் பட்டன்கள் புதிதுபோல ஆழமாக இருந்தன. பக்கச் சுவரில் துணியால் துடைத்துத் தயாரிப்புத் தேதிக் குறியைத் தேடினேன். 2000-க்குப் பிறகு வந்த டயர்களில் அது நான்கு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என் டயரில் மூன்றே இலக்கம். அதாவது போன நூற்றாண்டு டயர். விரலால் அழுத்தியபோது பட்டன்களுக்கு நடுவே மெல்லிய வெடிப்புகள் வாயைத் திறந்தன. நான்கையும் கழற்றிவிட்டேன், ஸ்டெப்னியையும் சேர்த்து.

ஹப் ஆயிலை ஒவ்வொன்றாக இறக்கினோம். மூன்றில் கறுப்பாக வந்தது, பரவாயில்லை. பின்பக்க வலது ஹப்பில் பால் கலந்த மாதிரி வெளுத்து வந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சீல் மாற்றி, இரண்டு முறை அலசி, புது ஆயில் ஊற்றினோம். பிரேக் இதைவிட மோசம். காற்றின் உதவியோடு இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் அது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. இத்தனை வருட ஈரத்தில் பிஸ்டன்கள் துருப்பிடித்து உட்கார்ந்திருந்தன. அந்தப் பிஸ்டன்கள் இருக்கும் காலிப்பர்கள் எல்லாவற்றையும் பிரித்தோம், எல்லா ஹோஸ்களையும் மாற்றினோம். டீசல் டாங்கின் அடியில் கரும்பசை மாதிரி ஒரு வண்டல். இதற்கே ஐந்து மாதம் போனது. எஞ்சின் மட்டும் முதல் நாளே கிளம்பியது, அதன்பின் ஒரு நாளும் தகராறு செய்யவில்லை.

அப்புறம்தான் உண்மையான வேலை.

எனக்கு உதவியவர் கனரக வண்டிகளிலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு ஃபிட்டர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பழைய சரக்குத் தொட்டியைக் கழற்றி இறக்கியதும், பெட்டியை நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கும்படி நான் வரைந்திருந்த படத்தை அவரிடம் காட்டினேன். அவர் படத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, முன் இடது சக்கரத்துக்கும் பின் வலது சக்கரத்துக்கும் கீழே மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் ஏறக்குறைய 40 செ.மீ. உயரம். வண்டி மெதுவாக ஏறி நின்றது. கேபினுக்குப் பின்னால் சேஸிஸின் குறுக்கே ஒரு நேரான கம்பியை வைத்து அதன் மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடியது. அதே கம்பியை வண்டியின் வால்பக்கம் கொண்டுபோய் வைத்தார். குமிழி எதிர் ஓரத்துக்கு ஓடியது. ஒரே சேஸிஸ், முன்பக்கம் ஒரு பக்கமாகவும் பின்பக்கம் மறுபக்கமாகவும் சாய்ந்து நின்றது.

“இது ஈரத்துணி மாதிரி பிழியும் தம்பி. அப்படிப் பிழிஞ்சாத்தான் நாலு சக்கரமும் தரையிலே நிக்கும். இது மேலே பெட்டியை நாலு மூலையிலும் கட்டினா, ரெண்டுலே ஒண்ணு தோக்கணும். ஒண்ணு பெட்டி பிளக்கும், இல்லேன்னா சேஸிஸ் வெடிக்கும்.”

அந்தக் குமிழி ஓடியதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. என் படத்தை அன்றைக்கே தூக்கிப் போட்டேன்.

இதற்குப் பழக்கத்தில் இருக்கும் வழிகள் மூன்று. ஒன்று, பெட்டியின் அடிச்சட்டத்தை சேஸிஸ் மேல் உட்காரவைத்து, ஸ்பிரிங்குகளால் அழுத்திப் பிடிப்பது. சேஸிஸ் முறுகும்போது அடிச்சட்டம் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். இரண்டாவது, மூன்று புள்ளித் தாங்கல்: ஒரு முனையில் இரண்டு நிலையான புள்ளிகள், மறுமுனையில் நடுவே சுழலும் ஒரே புள்ளி. மூன்றாவது, வைர வடிவில் நான்கு புள்ளிகள்: முன்னும் பின்னும் நடுவில் ஒவ்வொரு சுழல் புள்ளி, இடையில் பக்கவாட்டில் இரண்டு. நீளமான சேஸிஸுக்கு மூன்றாவது நல்லது. யூனிமாக் குட்டையானது, அச்சுகளுக்கு இடையே 3,250 மி.மீ.தான். நான் மூன்று புள்ளியை எடுத்துக்கொண்டேன். நிலையான இரண்டும் பின்னச்சுக்கு அருகே, சுழல்வது கேபினுக்குப் பின்னால். மூன்று காலுள்ள முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நான்கு கால் நாற்காலிதான் ஆடும். தத்துவம் அவ்வளவுதான்.

சுழல் புள்ளி என்பது வண்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும் ஒரு தடித்த பின், அதைச் சுற்றி வெண்கல புஷ், மேலே கிரீஸ் நிப்பிள். சேஸிஸில் வெல்டிங் வைக்கக் கூடாது, அதன் மேல் கீழ் விளிம்புகளில் துளை போடக் கூடாது. லாரி தயாரிப்பாளர்கள் மேற்கட்டுமானத்துக்கென்று வெளியிடும் வழிகாட்டிகளில் திரும்பத் திரும்ப வரும் விதி இது. சேஸிஸ் வளையும்போது இழுவிசையும் அமுக்கவிசையும் அதிகம் விழுவது அந்த விளிம்புகளில். அங்கே ஒரு துளை போட்டால் வெடிப்பு தொடங்க இடம் கொடுத்த மாதிரி. ஏற்கெனவே இருந்த துளைகளுக்கு ஏற்றபடி தாங்கு தகடுகளை வெட்டி, 10.9 தர போல்ட்டுகளால் பூட்டினோம்.

முதல் சோதனையிலேயே தப்பு தெரிந்தது. அடிச்சட்டத்தை மட்டும் ஏற்றி, மறுபடி மூலைக்கு மூலை கட்டை வைத்தோம். அடிச்சட்டத்தின் முன் குறுக்குக் கம்பி இறங்கி வந்து பிரேக்கின் ஏர் டாங்கை முட்டியது. கணக்குப் போட்டது நான்தான். வண்டி சமதரையில் நிற்கும்போது அளந்து, 8 செ.மீ. இடம் போதும் என்று எழுதியிருந்தேன். நிஜத்தில் அந்த மூலை 13 செ.மீ. இறங்கியது. சாலையில் இது நடந்திருந்தால் பிரேக் காற்று போயிருக்கும். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. ஏர் டாங்கை இடம் மாற்றி, அடிச்சட்டத்தை 6 செ.மீ. உயர்த்தினோம். இந்த வேலை செய்கிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: பெட்டி ஏறுவதற்கு முன், வெறும் அடிச்சட்டத்தோடு முறுக்கிப் பாருங்கள். இரண்டு மூலைகளிலும் பாருங்கள், ஒரு மூலை சரியாக இருந்தால் மற்றதும் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள்.

கேபினிலிருந்து பெட்டிக்குள் தவழ்ந்து போக ஒரு வழி வேண்டும் என்ற ஆசையையும் அன்றே விட்டேன். பெட்டி பின்னச்சைப் பின்பற்றுகிறது, கேபின் முன்னச்சைப் பின்பற்றுகிறது. முறுக்கு முழுவதும் அந்த இடைவெளியில்தான் விழும். அங்கே துருத்தி மாதிரி மடிப்பு ரப்பர் வைப்பவர்கள் உண்டு. எனக்கு மழைநீர் கசியாத சுவர் போதும்.

பெட்டி, சாண்ட்விச் பலகைகள். இருபுறமும் 2 மி.மீ. ஃபைபர் கிளாஸ், நடுவே 50 மி.மீ. பாலியூரத்தேன் நுரை. உள்ளே இரும்புச் சட்டமே கிடையாது, பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டினால் பெட்டி தானே விறைத்து நிற்கும். மூலைகளுக்கு அலுமினியம் வைக்கவில்லை. அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதோடு பார்த்தால் நுரை கடத்துவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நன்றாகப் போர்த்திய வீட்டின் எல்லா மூலைகளிலும் குளிரை உள்ளே அழைக்க வேண்டுமா? ஃபைபர் கிளாஸ் கோணங்களே வைத்தோம்.

ஒட்டுகிற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாலியூரத்தேன் பசை மெல்லிசாக இருந்தால் மடமடவென்று உடையும், 3 மி.மீ. கனமாவது இருந்தால்தான் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். அதற்காக 3 மி.மீ. துண்டுகளை முதலிலேயே வரிசையாக ஒட்டிவைத்தோம். பசையைப் பிதுக்கத் தொடங்கினால் மேல்தோல் கட்டுவதற்குள் பலகை உட்கார வேண்டும். ஒருவர் பிதுக்க, இருவர் பலகையைத் தூக்கிப் பிடிக்க, யாரும் பேசவில்லை. கூரையை இறக்கியபோது ஓரமெல்லாம் பசை ஒரே அளவில் பிதுங்கி வந்தது. எங்கும் இடைவெளி இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. காற்றின் ஈரத்தைக் கொண்டு வெளியிலிருந்து உள்ளே மெல்ல மெல்ல இறுகும் பசை அது, ஒரு வாரம் பெட்டியைத் தொடவே இல்லை.

ஆனாலும் ஒரு தப்பு செய்தேன். பின்பக்க ஏணிக்காகச் சுவரை ஊடுருவி ஒரே ஒரு போல்ட் போட்டேன். முதல் குளிர்கால இரவு கழிந்து எழுந்தபோது, சுவர் முழுக்க உலர்ந்திருக்க, அந்த போல்ட்டின் தலையில் மட்டும் ஒரு துளி நீர் தொங்கிக்கொண்டிருந்தது. துடைத்தேன். மறுநாள் காலையும் அதே துளி. இரவெல்லாம் நாங்கள் விட்ட மூச்சு, வீட்டிலேயே குளிர்ந்த அந்த ஓர் இடத்தைத் தேடிப் பிடித்திருந்தது. போல்ட்டை எடுத்துத் துளையை அடைத்து, ஏணியை வெளியே ஒட்டிய தகட்டில் பொருத்தினேன். துளி நின்றது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராணுவ வண்டி 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக. சின்ன விளக்குக்காக அதில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது கெட்ட பழக்கம். ஒன்று காலியாகி, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி, இரண்டும் சீக்கிரம் சாகும். வீட்டுப் பேட்டரியையும் 24 வோல்ட்டிலேயே வைத்தேன். எட்டு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள், 25.6 வோல்ட். வோல்ட் இரட்டிப்பானால் ஆம்பியர் பாதி, ஒயரும் மெலியும். இந்த செல்களை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் அவற்றுக்கு இடம் வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியில்.

உள்வேலை முழுவதையும் நடத்தியது ஒரு நோட்டுப் புத்தகம். கீல் முதல் பாத்திரம் வரை உள்ளே போகும் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதினேன். பழைய சரக்குத் தொட்டி இல்லாமல் எடைமேடையில் வண்டி 4,520 கிலோ. 7,500-க்குள் பெட்டி, தண்ணீர், ஆட்கள், ஸ்டெப்னி எல்லாம் அடங்க வேண்டும். அலமாரிகளுக்கு பிர்ச் பிளைவுட்டை விட்டு, எடை குறைந்த பாப்லர் எடுத்தேன். 200 லிட்டர் தண்ணீர் டாங்கைப் பின்னச்சுக்கு முன்னால், தரையோடு தரையாக வைத்தேன். எல்லாம் நிரப்பி, நாங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்து, எடைமேடையில் நின்றபோது 6,860 கிலோ. ஆனால் இடது பக்கம் கனம் கூடியிருந்தது, சமையல் மேடையும் தண்ணீரும் ஒரே பக்கத்தில். பேட்டரியை வலப்பக்கம் மாற்றியதும் ஏறக்குறைய சமமானது. மொத்த எடையோடு நிறுத்திவிடாமல் அச்சு அச்சாக, பக்கம் பக்கமாக எடை போடுவது நல்லது.

சோதனைப் பயணம் ஒரு வறண்ட ஆற்றுப் படுகையில். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் இந்த வண்டிக்குச் சந்தோஷம் இல்லை, எனக்கும் இல்லை. படுகையின் நடுவே ஒரு குறுக்கு ஓடை. முன் இடது சக்கரம் பாறை மேல் ஏற, பின் வலது சக்கரமும் மேட்டில் ஏற, வேண்டுமென்றே அங்கே நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் கேபின் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, பெட்டி மறுபக்கம். இடைவெளியின் ஒரு ஓரத்தில் கை நுழையவில்லை, மறு ஓரத்தில் தலையே நுழையும். பெட்டியின் கதவைத் திறந்து மூடினேன். பட்டறையில் பூட்டியது போலவே ஒரே தட்டில் பூட்டிக்கொண்டது. உள்ளே ஏறி நான்கு மூலைகளிலும் ஒட்டுக்கோட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். எங்கும் பிளவில்லை.

கீழே அண்ணன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சுழல் பின்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லா திரும்புது தம்பி. கிரீஸ்தான் காஞ்சிருக்கு, அந்த கன்னை எடுங்க.”