அப்பத்தாவின் செம்மண் துவரை

போன வருடம் ஊரிலிருந்து பத்துக் கிலோ முழுத்துவரை கொண்டுவந்து மதுரை வீட்டில் டிரம்மில் போட்டு மூடி வைத்தேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் பாதிக்கு மேல் ஓட்டை. வண்டுகள் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தன. அதே காட்டில் விளைந்த துவரை, காளையார்கோவில் பக்கம் அப்பத்தா வீட்டு மண்பானையில் அப்படியே இருந்தது.

"செம்மண் கட்டுனியாத்தா?" என்று கேட்டாள்.

எங்கே கட்டினேன்! செம்மண்ணைச் சலித்து, தோசைமாவை விடக் கெட்டியாகக் கரைத்து, துவரையில் பிசறி, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். இந்த வண்டு பருப்பின் மேல்தான் முட்டையை ஒட்டும். மண் பூசியிருந்தால் முட்டை ஒட்ட இடமில்லை, உள்ளே இருக்கிற புழுவும் வண்டாகி வெளியே வரத் திணறும். பானையில் அடுக்கடுக்காக நொச்சி இலை. அதிலும் கொழுந்து ஆகாது, முற்றின இலைதான். நிழலில் காய்ந்திருக்க வேண்டும், பச்சையாகப் போட்டால் பூசணம் பிடிக்கும். அமாவாசையன்று வெயிலில் கொட்டினால் பூச்சி தானாக வெளியேறும் என்பாள். அதை மட்டும் நான் நம்பவில்லை. சரி, வெயிலில் கொட்டுவதால் நட்டமில்லை.

மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள், இல்லையா? பழைய நூல்களையும் கட்டுரைகளையும் காட்டித்தான் இந்தியா 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. அப்புறம் 2001இல் மத்திய அரசு பாரம்பரிய அறிவு மின்நூலகம் தொடங்கியது. சித்த, ஆயுர்வேத, யுனானி நூல்களெல்லாம் அதில் ஏறின. நல்ல வேலைதான். ஆனால் எல்லாம் யாரோ எழுதி வைத்தவை. 'பச்சை நொச்சி போடாதே' என்பதை அப்பத்தா எந்த ஏட்டில் படித்தாள்? அவளுக்குக் கையெழுத்துகூடப் போட வராது.

அதனால் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். "எவ்வளவு மண்ணு?" என்று கேட்டால், "ஒட்டுற அளவுக்கு" என்கிறாள். அதையும் அப்படியே எழுதிக்கொண்டு, தை அறுப்புக்குப் பிறகு நானே ஒரு படி துவரைக்கு மண் கட்டினேன். கரைசல் தண்ணியாகிவிட்டது. போதாததற்கு அன்றைக்கென்று மேகமூட்டம் வேறு. மூன்றாம் நாள் துவரை முளைவிட்டிருந்தது. அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. நாலு தண்ணீர் மாற்றி அலசி, சுண்டல் தாளித்துக் கொடுத்தாள்.