அப்பாவின் கைக்கு எட்டும் தட்டு

மே 4, ஞாயிறு

இன்று கூடத்துப் புத்தக அலமாரியை முழுவதும் காலி செய்தேன். ஐந்து தட்டுகள், எண்ணிப் பார்த்ததில் 412 புத்தகங்கள். பாதிக்கு மேல் இரண்டு வரிசையாக, ஒன்றன் பின் ஒன்று மறைந்து நின்றவை.

போன வாரம் அப்பா ஒரு புத்தகம் கேட்டார். வீட்டில் இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியவில்லை. நான் தேடித் தேடி வியர்த்துப்போனதைப் பார்த்துவிட்டு, "விடும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பழைய பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சொந்த வீட்டில் இருக்கும் புத்தகம் படிக்கக் கிடைக்காமல் அவர் அப்படி உட்கார்ந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அலமாரியை அழகாக்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருந்தது. இப்போது அதற்கு ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது.

தூசி தட்டும்போது புத்தகத்தை இறுக மூடிப் பிடித்துக்கொண்டு, முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தூரிகையால் துடைத்தேன். தளர்வாகப் பிடித்தால் தூசி தாள்களுக்குள்ளே இறங்கிவிடும். ஈரத்துணி கிட்டவே வரக்கூடாது. கீழ்த்தட்டில் சுவரை ஒட்டி நின்ற இரண்டு புத்தகங்களில் பழுப்புப் புள்ளிகள், ஒரு இராமபாணப் பூச்சி வேறு ஓடி ஒளிந்தது. காற்றோட்டமில்லாத ஈர மூலைதான் அதற்குப் பிடித்த இடம். அட்டை ஒட்டிய பசையும் தாளும்தான் உணவு. இனிமேல் புத்தகத்துக்கும் பின்பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடமாவது விட வேண்டும்.

மே 6, செவ்வாய்

காலி அலமாரியை நேராகப் பார்த்தபோதுதான் நடுத்தட்டு எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று தெரிந்தது. இரண்டு முனைக்கும் நூல் கட்டி அளந்தேன். நடுவில் 11 மில்லிமீட்டர் இறக்கம். தட்டின் நீளம் 105 சென்டிமீட்டர், பலகை 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள, மரத்துகளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. அதில் இருந்த புத்தகங்களைக் கட்டுக் கட்டாக எடை இயந்திரத்தில் வைத்துக் கூட்டினால் 47 கிலோ! கண்ணுக்கு இலேசாகத் தெரியும் தாள், சேர்ந்தால் கல் மாதிரி கனக்கிறது.

பலகை தொய்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பாரம் ஒரே சீராகப் பரவியிருந்தால், தாங்கல்களுக்கு நடுவே உள்ள நீளம் இரண்டு மடங்காகும்போது தொய்வு பதினாறு மடங்காகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே பலகையை மாற்றுவதைவிட நடுவில் ஒரு தாங்கல் கொடுப்பதுதான் சுலபம். பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை வளைந்துவிட்டால் பாரத்தை எடுத்தாலும் முழுவதும் நிமிராது. அதனால் தட்டுகளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குறுக்குப் பலகையை நிறுத்தினேன். ஒவ்வொரு தட்டும் இரண்டு அறைகளானது.

இது உறுதிக்காகச் செய்தது, ஆனால் பார்வைக்கும் நல்லதாகிவிட்டது. ஒரு மீட்டர் நீளத்துக்குப் புத்தகம் வரிசையாக நின்றால் கண்ணுக்குச் சோர்வு. அரை மீட்டரில் ஒரு கோடு வந்ததும் கண் நின்று பார்க்கிறது.

மே 9, வெள்ளி

பின்பலகைக்கு மயில் கழுத்து நீலம் அடித்தேன், தட்டுகளுக்கும் அதே நிறம். பின்னால் அடர்த்தியான நிறம் இருந்தால் வெளிர் அட்டைகள் முன்னால் வந்து நிற்கும், தாள்களின் பழுப்புகூட பொன்னிறமாகத் தெரியும். வெள்ளைப் பின்புலத்தில் அதே தாள்கள் அழுக்காகத் தோன்றின.

மே 16, வெள்ளி

ஒரு வருத்தம். பெயின்ட் தொட்டால் ஒட்டவில்லை என்று நம்பி, இரண்டாம் நாளே கீழ்த்தட்டில் கனமான புத்தகங்களை அடுக்கியிருந்தேன். இன்று ஒன்றை எடுத்தபோது சரக்கென்று ஒரு சத்தம். அட்டையின் அடிவிளிம்பு பெயின்டோடு ஒட்டிக்கொண்டு கிழிந்துவிட்டது. இரண்டு புத்தகங்களுக்கு இப்படி ஆகிவிட்டது.

மேற்புறம் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். உள்ளே முழுவதும் இறுகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பாரம் ஏற்றினால் ஒட்டும். எல்லாவற்றையும் மறுபடி இறக்கினேன். அவசரமாக வைத்தே ஆக வேண்டியவர்கள் தட்டின்மேல் கெட்டித்தாள் விரித்துக்கொள்ளலாம். நான் காத்திருக்கிறேன்.

மே 18, ஞாயிறு

காத்திருக்கும் நாட்களில் சாமுவேல் பெப்பிஸ் நினைவாகவே இருக்கிறேன். 1660 முதல் 1669 வரை லண்டனில் நாட்குறிப்பு எழுதிய அதே பெப்பிஸ். அவருக்கும் புத்தகங்கள் குவிந்து இடமில்லாமல் போக, 1666இல் ஒரு தச்சரை வைத்துக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள் செய்யச் சொன்னார். நாளடைவில் அவை பன்னிரண்டு ஆயின. சுமார் 3,000 புத்தகங்களையும் உயர வரிசைப்படி நிறுத்தினார். மிகச் சிறியதற்கு எண் 1. வரிசையில் குள்ளமாக நின்ற புத்தகங்களுக்கு அடியில் அளவாக மரக்கட்டை செய்து வைத்து, தலைப்பக்கம் எல்லாம் ஒரே கோட்டில் வரும்படி பார்த்துக்கொண்டார். அந்த அலமாரிகளும் புத்தகங்களும் இன்றும் கேம்பிரிட்ஜின் மாக்டலின் கல்லூரியில் அவர் விரும்பிய வரிசையிலேயே இருக்கின்றன.

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் புத்தகத்துக்கு மரக்கட்டை வைத்து உயரம் சரிசெய்தார் என்று தெரிந்தபோது எனக்கு அப்படி ஒரு நிறைவு. அழகு பார்ப்பது வாசிப்புக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவருடைய கட்டையை நான் வேறு விதமாக எடுத்துக்கொண்டேன். என் அலமாரி ஆழமானது, சாதாரணப் புத்தகத்தின் அகலமோ பதினாலு சென்டிமீட்டர்தான். இரண்டு வரிசை வைத்தே ஆக வேண்டிய தட்டுகளில் பின்வரிசைக்கு அடியில் 10 சென்டிமீட்டர் உயரக் கட்டை போட்டால், முன்வரிசையின் தலைக்கு மேல் பின்வரிசையின் பெயர்கள் தெரியும். அட்டைப் பெட்டியை வைத்து ஒத்திகை பார்த்தேன், நன்றாக வருகிறது.

மே 23, வெள்ளி

நிற வரிசைப்படி அடுக்கினால் வானவில் மாதிரி இருக்கும் என்று அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். தரையிலேயே அடுக்கிப் பார்த்தேன். உண்மையிலேயே அழகு. புத்தகத்தின் பெயர் மறந்தாலும் அட்டையின் நிறம் மறப்பதில்லை, அதனால் தேடுவதற்கும் உதவும் என்று தோன்றியது. அப்பாவே "அந்தச் சிவப்பு அட்டை" என்றுதான் கேட்பார்.

ஆனால் அரை மணி நேரத்தில் மனம் ஒப்பவில்லை. ஒரே நாவலின் மூன்று பாகங்கள் மூன்று நிறத்தில் வந்திருந்தன, மூன்றும் மூன்று மூலைக்குப் போயின. ஒரே எழுத்தாளர் ஏழு இடத்தில் சிதறினார். அதனால் பொருள்வாரியாகப் பிரித்து, நாவல்களை எழுத்தாளர் வரிசைக்கு விட்டுவிட்டு, மற்றப் பிரிவுகளுக்குள் மட்டும் நிறம் பார்த்து நிறுத்தினேன். கவிதைக்குள் இருண்டதிலிருந்து வெளிர் வரை, பயணநூல்களுக்குள் அப்படியே. தூரத்திலிருந்து பார்த்தால் வானவில் இல்லை, ஆனால் நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை.

தாள் விளிம்பு வெளியே தெரியும்படி புத்தகத்தைத் திருப்பி வைப்பதும் ஒரு பாணி. இது புதிது இல்லை. சங்கிலியால் பிணைத்த பழைய நூலகங்களில் அப்படித்தான் வைத்தார்கள். இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு பேராலயத்தில் இன்றும் பார்க்கலாம். சங்கிலி அட்டையின் முன்விளிம்பில் பூட்டியிருக்கும், முதுகு உள்ளே போய்விடும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பில்லோனே குடும்பத்து நூல்களுக்கு, வெளியே தெரிந்த அந்தத் தாள் விளிம்புகளிலேயே செசாரே வெச்செல்லியோ ஓவியம் தீட்டினார். அவர்களுக்கு அதில் காரணம் இருந்தது, அடையாளமும் இருந்தது. இன்று பெயர் தெரியாமல் திருப்பி வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. யார் எழுதியது என்பதை நான் மறைக்க மாட்டேன்.

மே 25, ஞாயிறு

இன்றுதான் முக்கியமான வேலை நடந்தது என்று நினைக்கிறேன். அப்பாவை அலமாரி முன்னால் நிற்கவைத்து, குனியாமலும் கையைத் தோளுக்கு மேல் தூக்காமலும் எதுவரை எட்டுகிறது என்று சுவரில் பென்சிலால் குறித்தேன். முழங்கால் வலியால் அவருக்குக் குனிய முடியாது. தோளும் முன்போல் இல்லை. கீழ்க்கோடு 80 சென்டிமீட்டர், மேல்கோடு 150. அலமாரியில் அது கீழிருந்து மூன்றாவது, நான்காவது தட்டுகள். அந்த இரண்டும் இனி அவருக்கு, ஒரே வரிசையாக, எதன் பின்னாலும் எதுவும் மறையாமல்.

அடுத்து மகள். அவளுடைய உயரத்துக்கு அடித்தட்டு. படப் புத்தகங்களுக்கு முதுகு மெல்லியது, பெயரும் அவளுக்கு இன்னும் வாசிக்க வராது. அதனால் முன்னட்டை தெரியும்படி சாய்த்து வைக்கப் போகிறேன். ஆறுதான் வைக்க முடியும். வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவு நாள் அந்த இடத்தில் என் அகராதிகள் இருந்தன, அவளுடைய புத்தகங்கள் அவள் எட்டாத உயரத்தில். ஏன் இது முன்பே தோன்றவில்லை என்று நினைக்க வேதனையாக இருந்தது.

பெயின்ட் இறுகியதும் அகராதிகளும் கனமான தொகுதிகளும் கீழிருந்து இரண்டாவது தட்டுக்கு வரும். பாரம் கீழே இருந்தால் அலமாரி எளிதில் கவிழாது. மேல்தட்டு எனக்கு. மிஞ்சும் புத்தகங்கள் உள்ளறைக்குப் போகும்.

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. பெரிய நூலகங்களுக்கு என்றுதான் அதை நினைத்திருந்தேன். சுவரில் இருந்த இரண்டு பென்சில் கோடுகளைப் பார்த்தபோது இந்த ஒற்றை அலமாரிக்கும் அது பொருந்துகிறது.

மே 27, செவ்வாய்

மேல்முனைகளை எல் வடிவ இரும்பு வைத்துச் சுவரோடு முடுக்கியாயிற்று. அடித்தட்டில் குழந்தையின் புத்தகங்கள் இருந்தால் அதற்கு மேல் தட்டில் அவள் கால் வைத்து ஏறுவாள். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஜூன் 1, ஞாயிறு

பெயின்ட் இறுகிவிட்டது. இன்று காலையிலிருந்து மாலை வரை அடுக்கினேன். இவ்வளவு சந்தோஷமான ஞாயிறு அமைந்து நாளாயிற்று.

எல்லாப் புத்தகங்களின் முதுகையும் தட்டின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்ளே ஒரே கோட்டில் நிறுத்தினேன். இது ஒன்றைச் செய்தாலே பாதி அழகு வந்துவிடுகிறது. அங்கங்கே நான்கு பெரிய புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்கினேன். அது நிற்கும் புத்தகங்களுக்குத் தாங்கலாகவும் ஆகிறது. நான்குக்கு மேல் போனால் அடியில் இருப்பதை யாரும் எடுக்க மாட்டார்கள்.

நாவல்களின் எழுத்தாளர் வரிசையில் ஒரு குழப்பம் வந்தது. பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்தை வைத்து அடுக்குவதா, பெயரை வைத்தா? நம் ஆட்களை யாரும் முதலெழுத்தால் நினைவு வைப்பதில்லை. பெயரின் அகர வரிசைதான் சரி. இன்னொன்று, முதுகில் பெயர் சில புத்தகங்களில் மேலிருந்து கீழாகவும் சிலவற்றில் கீழிருந்து மேலாகவும் ஓடுகிறது. அப்பா கழுத்தை இரண்டு பக்கமும் சாய்க்க வேண்டியிருக்கும். ஒரே திசையில் ஓடுபவற்றை முடிந்தவரை பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

பொம்மை, புகைப்படம் எதையும் புத்தகத்துக்கு முன்னால் வைக்கவில்லை. ஒரு புத்தகம் எடுக்க மூன்று பொருளை நகர்த்த வேண்டுமென்றால் கை தானாகவே பின்வாங்கிவிடும். அவற்றுக்குத் தனி இடம் ஒதுக்கி, பக்கத்தில் நிறுத்தினேன். ஒரு மண் குவளை, அம்மாவின் படம், மகள் பொறுக்கி வந்த ஒரு கூழாங்கல். போதும். செடி வைக்க ஆசைதான், ஆனால் தொட்டி நீரும் தாளும் ஒரே தட்டில் வேண்டாம். அதை ஜன்னலோரம் வைத்தேன்.

எல்இடி பட்டையைத் தட்டின் முன்விளிம்புக்கு அடியில், ஒளி உள்நோக்கி விழும்படி ஒட்டினேன். பின்பலகையில் ஒட்டினால் புத்தகங்கள் நிழலுருவாகி முதுகில் உள்ள பெயர் தெரியாது. 2700 கெல்வின், மஞ்சள் கலந்த ஒளி.

ஒவ்வொரு அறையிலும் ஒரு சாண் இடத்தைக் காலியாக விட்டேன். நூலகம் வளரும் உயிர் என்பது ரங்கநாதனின் ஐந்தாவது விதி. நெருக்கி அடைத்தால் புத்தகத்தை முதுகின் தலைப்பக்கம் விரல் விட்டு இழுக்க வேண்டிவரும், அங்கேதான் முதலில் கிழியும். இரண்டு பக்கத்துப் புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் பிடித்து எடுக்க வேண்டும். மகளுக்கும் காட்டினேன், பத்து முறை எடுத்து வைத்துப் பழகினாள்.

ஜூன் 8, ஞாயிறு

காலை எட்டு முதல் ஒன்பதரை வரை அலமாரியின் இடது ஓரத்தில் நேர் வெயில் விழுகிறது. பழைய சிவப்பு அட்டை ஒன்று முதுகில் மட்டும் ரோஜா நிறமாக வெளுத்திருப்பதன் காரணம் இப்போது புரிகிறது. வெயில் நிறத்தையும் வெளுக்கும், மலிவான தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருளைப் பழுப்பாகவும் ஆக்கும். அலமாரியை நகர்த்த இடமில்லை, ஆகவே அந்த நேரத்துக்குத் திரை.

ஜூன் 13, வெள்ளி

மாலை வீடு திரும்பியபோது அப்பா சாய்வு நாற்காலியில் படித்துக்கொண்டிருந்தார். அன்று நான் தேடிக் கிடைக்காத அதே புத்தகம். "எப்போ எடுத்தீங்க?" என்றேன். "மத்தியானமே" என்றார், பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான்காவது தட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி, பின்னால் நீலம் தெரிகிறது. பக்கத்துப் புத்தகம் அதன்மேல் சாய ஆரம்பித்திருந்தது. அதை நிமிர்த்தி ஒரு தாங்கி வைத்துவிட்டு, இடைவெளியை அப்படியே விட்டேன்.